இன்சுலினோடு கதிர்காமத்துக்கு நடக்கலாமா?

வாசகர் கேள்வி – வைத்தியர் பதில்

கேள்வி: எனக்கு வயது 26. பன்னிரண்டு வயதிலிருந்து முதலாம் வகை நீரிழிவுக்காகக் காலையும் மாலையும் 30/70 கலவை இன்சுலின் போட்டுவருகிறேன். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் பிறகு கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்களோடு இவ்வருடம் நானும் போக விரும்புகிறேன். இது அம்மம்மா எனக்காக வைத்த நேர்த்தி. ஒரு நேரச் சாப்பாடு, வெறுங்கால், முழுத் தூரம் என்றே அவர் நேர்ந்திருக்கிறார். அம்மாவுக்கு விருப்பமில்லை. கிளினிக்கில் கேட்டபோது, “அது உங்கட விருப்பம்” என்பதோடு விட்டுவிட்டார்கள். நான் போகலாமா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: போகலாம். ஆனால் அம்மம்மா நேர்ந்த மூன்றையும் அப்படியே நிறைவேற்ற முடியாது. ஒரு நேரச் சாப்பாட்டை முற்றாகக் கைவிட வேண்டும். முழுத் தூரத்தை இவ்வருடம் ஒத்திவைக்க வேண்டும். வெறுங்காலைப் பற்றி உங்கள் பாதத்தைப் பரிசோதித்த பின்னரே பேசலாம்.

உங்களுக்கு உள்ள முதல் இடையூறு நடை அல்ல, நீங்கள் போடும் ஊசி. கலவை இன்சுலினில் பெரும்பகுதி, போட்டு நாலு மணித்தியாலத்தின் பின் வலுவடைந்து பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேலும் வேலை செய்யக்கூடியது. நீங்கள் சாப்பிட்டீர்களா, அன்னதானம் கிடைக்கும் மடத்தைச் சென்றடைய இன்னும் இரண்டு கட்டை (மைல்) இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதற்கு மேலாக, நடக்கும் தசைகள் இன்சுலினின் துணை அதிகம் இல்லாமலேயே இரத்தத்திலுள்ள சீனியை இழுத்துக்கொள்வதோடு, நடை முடிந்த பின்னரும் ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் வரை, உடல் இன்சுலினுக்குக் கூடுதலாக இணங்கி நிற்கும். ஆகவே பகலில் ஒரு பிரச்சினையும் வரவில்லையே என்று ஆறுதலடைந்து கோயில் மண்டபத்தில் படுத்துறங்கும்போதுதான், நடுச்சாமத்துக்குப் பின் சீனி இறங்கும் ஆபத்து அதிகம்.

இதனால், புறப்படுவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே மறுபடி கிளினிக்குக்குப் போய், “போகலாமா” என்று கேட்காமல், “நீண்ட நேரம் வேலை செய்யும் ஊசி ஒன்றும், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன் குறுகிய நேர ஊசியுமாக மாற்றித் தர முடியுமா, நடக்கும் நாள்களில் எவ்வளவு குறைப்பது” என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் விருப்பத்தைச் சொல்லி அனுப்பிவிட முடியாது, அளவு சொல்லியாக வேண்டும். ஊசியைத் தொடையில் போடாமல் வயிற்றில் போடுங்கள். நடக்கும் காலில் போட்ட மருந்து வேகமாக உறிஞ்சப்படும். விரதம் என்பதற்காக ஊசியை அடியோடு நிறுத்துவதோ, சாப்பாட்டைத் தவிர்ப்பதிலும் பெரிய ஆபத்து: முதலாம் வகை நீரிழிவில் இன்சுலின் இல்லாமற்போனால் இரத்தத்தில் கீற்றோன் அமிலம் ஏறி, வாந்தியும் வயிற்றுவலியுமாகத் தொடங்கி, உயிருக்கே கேடாக முடியும்.

காலையில் புறப்படும்போது இரத்தச் சீனி (mg/dL அளவில்) 126க்கும் 180க்கும் இடையில் இருப்பது நல்லது. 90க்குக் கீழே என்றால் ஏதாவது சாப்பிட்டு, ஏறிய பின் நடக்க வேண்டும். 270க்கு மேல் என்றால் கீற்றோன் அமிலம் ஏறியிருக்கிறதா என்று சோதிக்காமல் நடக்கவே கூடாது. வழியில் 70க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடத்தின் பின் மறுபடி சோதியுங்கள். பனங்கட்டி நடந்துகொண்டே சாப்பிட நல்லது, ஆனால் கை நடுங்கத் தொடங்கிய பிறகு கரைத்த சீனிதான் விரைவாக வேலை செய்யும். குளுக்கோமீற்றரை வெயிலில் சூடேற விட்டால் பிழை காட்டும் என்பதால் அதையும் நிழலில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாவனையிலுள்ள இன்சுலின் குப்பியை 30 பாகை செல்சியசுக்குக் கீழே நான்கு வாரமளவில் வைத்திருக்கலாம். நடைக்காலத்து வன்னி வெயிலில் துணிப்பைக்குள் அந்த அளவு நிற்காது. சிறு மண்முட்டி ஒன்றை ஈரத்துணியால் சுற்றி, தண்ணீர் படாதபடி மூடிய போத்தலில் குப்பியை இட்டு அதற்குள் வைத்தால், சோளகக் காற்றே அதைக் குளிர்வித்துவிடும். காற்று எவ்வளவு வரண்டதோ அவ்வளவு நல்லது. துணி காயாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்று, கூட நடப்பவர்களுக்கு இது தெரியுமா என்பது. வருத்தத்தை மறைத்து நடப்பவர்கள் நம்மிடையே அதிகம். கலியாணப் பேச்சில் இடையூறாகும் என்ற பயம் பெண்பிள்ளைகளுக்கு மேலதிகம். ஆனால் பாதயாத்திரையில் ஒருவர் திடீரென வியர்த்து, உடல் நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கினால், பக்கத்தில் நிற்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். உரு வந்திருக்கிறது என்று திருநீறு பூசி, வேலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். வேல் தாங்கி முன்னே செல்பவருக்கும், உங்களோடு படுத்தெழும்பும் இரண்டு பெண்களுக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: முதலில் சீனித்தண்ணீர், பிறகு திருநீறு. நினைவு தப்பிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல், பக்கவாட்டில் சரித்துக் கிடத்தி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இனித் தூரம். நம்மவர் பலர் “முழுவதும் நடக்க ஏலாது” என்று உகந்தை வரை பஸ்ஸில் போய்க் காட்டுப்பாதையை மட்டும் நடக்கிறார்கள். உங்களுக்கு நான் இதை மாற்றியே சொல்வேன். உகந்தையிலிருந்து கூமுனை, யால வழியாகக் கதிர்காமம் சேரும் பல நாள் நடையில் உங்களை ஏற்றிச்செல்ல வாகனமோ, அடுத்த ஊரில் வைத்தியசாலையோ இல்லை. அந்தப் பகுதியை அடுத்த வருடத்துக்கு விட்டுவிட்டு, இவ்வருடம் வற்றாப்பளையிலிருந்து திருகோணமலை வரை நடந்து, மிகுதிக்கு வாகனத்தில் போய்க் கதிர்காமத்தில் கும்பிடுங்கள். அதற்கும் முன்னர், ஒட்டுசுட்டானிலிருந்து முள்ளியவளைக்கு ஒரு நாள் நடந்து போய், அங்கே தங்கி மறுநாள் நடந்து திரும்புங்கள். இரண்டு இரவும் இரண்டு மணிக்கு எழும்பிச் சீனியைச் சோதித்து எழுதிவையுங்கள். அந்தத் தாள் அம்மாவைச் சம்மதிக்க வைக்க என் பதிலைவிட உதவும்.

நீரிழிவு வந்த பிறகும் பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் வாசிம் அக்ரம் ஆண்டுக்கணக்காகப் பந்து வீசினாரே என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான், 2003இல் ஒருநாள் போட்டிகளில் 500 விக்கெட்டைத் தாண்டியபோது அவர் நீரிழிவோடுதான் இருந்தார். ஆனால் நீங்கள் வருத்தத்தை மறைத்துக்கொண்டு விரதம் இருந்து நடக்க அது சான்றாகாது.

கேள்வி: வயது 58. சீனிக்குக் குளிசை மட்டும் பாவிக்கிறேன். இரண்டு வருடமாகப் பாதத்தில் பஞ்சில் மிதிப்பது போல் இருக்கிறது. காலில் செருப்பில்லாமல் பல தடவை கதிர்காமம் நடந்தவன் நான். இம்முறையும் அப்படியே போகலாமா?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: கூடாது. பஞ்சில் மிதிப்பது போலிருப்பது நரம்பு உணர்விழந்ததன் அடையாளம். தார் வீதி சுடுவதும், முள் ஏறுவதும் உங்களுக்குத் தெரியாது. புண் நாறத் தொடங்கிய பிறகே தெரியவரும். கிளினிக்கில் மெல்லிய நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வைச் சோதிப்பார்கள்; முதலில் அதைச் செய்துகொள்ளுங்கள். புண் ஏதும் இல்லை, இரத்தவோட்டமும் சரி என்று வைத்தியர் சொன்னால், பருத்திக் காலுறையும் முன்பக்கம் அகன்ற சப்பாத்துமாக நடக்கலாம். புதுச் சப்பாத்தை யாத்திரையன்று முதன்முதலாகப் போடாதீர்கள். போடும்போதெல்லாம் உள்ளே கையை விட்டுக் கல், மணல் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இரவில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும், அல்லது கூட வருபவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கொப்புளம் கண்டால் அன்றோடு நடையை நிறுத்திவிட்டுப் பஸ் ஏறிவிடுங்கள்.