இருட்டறையில் படம் பார்க்க பிளாஸ்மாவா, எல்சிடியா?

கேள்வி: வீட்டில் ஒரு அறையைப் படம் பார்ப்பதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். தெரிந்தவர் ஒருவர் தன்னுடைய 50 அங்குல பிளாஸ்மா டிவியை மலிவாகத் தருகிறேன் என்கிறார். 1080பி, நல்ல நிலையில் இருக்கிறதாம். இன்னொரு பக்கம், புதிதாக ஒரு 65 அங்குல 4கே எல்இடி டிவி வாங்கிவிடலாமா என்றும் யோசனை. சினிமாவுக்கு பிளாஸ்மாவை அடிச்சுக்க ஆளில்லை என்று பலரும் சொல்கிறார்கள். சோபாவிலிருந்து சுவர் இரண்டரை மீட்டர். எதை எடுக்கலாம்?

பதில்: காசு கொடுத்து வாங்குவதென்றால் புதியதையே வாங்குங்கள். ஆனால் விற்பவர் முதலில் கைகாட்டுகிற 65 அங்குல எல்இடியை அல்ல, அதில் ஒரு குறிப்பிட்ட வகையை. அந்த வகை உங்கள் கைக்கு எட்டாது என்றால், அந்தப் பழைய பிளாஸ்மாவே உங்கள் அறையில் இன்னும் அழகாகத் தெரியும், அதுவும் உண்மைதான். ஏன் இப்படிச் சுற்றி வளைக்கிறேன் என்றால், விஷயம் முழுக்க கறுப்பு நிறத்தில் இருக்கிறது.

'எல்இடி டிவி' என்று விற்கப்படுவதும் எல்சிடிதான், அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பு பின்னாலிருந்து வெளிச்சம் தர மெல்லிய ட்யூப் விளக்குகள் இருந்தன, இப்போது அந்த இடத்தில் எல்இடி வந்திருக்கிறது, மற்றபடி முன்னால் இருக்கிற பேனல் அதே ரகம்தான். பின்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு பிக்சலும் ஜன்னல் கதவு மாதிரி திறந்து மூடி வெளிச்சத்தை விடும், தடுக்கும். எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் இடுக்கு வழியாகக் கொஞ்சம் கசியத்தான் செய்யும். பகலில் அந்தக் கசிவு தெரியவே தெரியாது. விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்தால்தான், இரவுக் காட்சி முழுக்கச் சாம்பல் பூசியது போல நிற்கும்.

பிளாஸ்மாவில் பின்விளக்கே கிடையாது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே குட்டிக் குட்டி அறைகள், 1080பி திரையில் 62 லட்சத்துக்கும் மேல், ஒவ்வொன்றுக்குள்ளும் நியானும் செனானும் கலந்த வாயு. மின்சாரம் பாய்ந்ததும் அந்த வாயு புற ஊதாக் கதிரை உமிழ, அது உள்ளே பூசியிருக்கும் பாஸ்பரில் பட்டு சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ ஒளிர்கிறது. ஒளிர வேண்டாத அறை சும்மா இருக்கும். (முழுக்க அணைந்துவிடாது, அடுத்த ஒளிர்வுக்குத் தயாராக ஒரு மெல்லிய மினுக்கம் இருக்கும். நல்ல மாடல்களில் அதைக் கிட்டத்தட்டத் தெரியாத அளவுக்குக் குறைத்திருந்தார்கள், பயோனியரின் குரோ வரிசை பேர் வாங்கியதே இதில்தான்.) பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தாலும் நிறம் வெளுக்காது. அப்புறம், ஓடுகிற காட்சிகள் தெளிவாகத் தெரியும். எல்சிடி ஒரு ஃபிரேமை அடுத்தது வரும்வரை அப்படியே பிடித்து வைத்திருப்பதால், ஓடுகிற பொருளைக் கண் தொடரும்போது படம் இழுபட்டு மங்குகிறது, பிளாஸ்மாவோ ஒரே ஃபிரேமைப் பல ஒளித்துடிப்புகளாக வெட்டிக் காட்டுவதால் அந்த மங்கல் குறைவு. பெட்டியில் 600 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தது இந்தத் துடிப்புக் கணக்கைத்தான், படம் நொடிக்கு 600 தடவை மாறுகிறது என்று அர்த்தமில்லை.

ஆக, உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பேசுவது 2010 வாக்கில் இருந்த நிலவரத்தை, அப்போது அது சரியான பேச்சு. ஆனால் பயோனியர் 2009-லேயே டிவி தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தது, பானாசோனிக் 2013 டிசம்பரோடு பிளாஸ்மா தயாரிப்பை நிறுத்தியது, சாம்சங்கும் எல்ஜியும் 2014-இல் கடையைக் கட்டின. இன்று உங்களுக்கு யார் கொடுக்கிற பிளாஸ்மாவாக இருந்தாலும் அதற்குப் பத்து வயது தாண்டியிருக்கும். பாஸ்பர் கொஞ்சம் மங்கியிருக்கலாம், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இருட்டறைக்கு அதிக வெளிச்சம் தேவையில்லை. பயப்பட வேண்டியது உள்ளே இருக்கிற போர்டுகளைப் பார்த்து. பேனலுக்கு உயர் மின்னழுத்தத் துடிப்பு அனுப்புகிற சஸ்டெயின் போர்டும் பவர் சப்ளையும் வயதானால் போகும், புது உதிரி பாகம் வருவதில்லை, வேறொரு செத்த டிவியிலிருந்து பிடுங்கி மாட்டினால்தான் உண்டு. பெரும்பாலான சர்வீஸ்காரர்கள் பிளாஸ்மா என்றாலே கையை விரித்துவிடுவார்கள்.

சரி, உங்கள் இரண்டரை மீட்டருக்கு வருவோம், ஏனென்றால் என்னைப் பொறுத்தவரை பாதித் தீர்ப்பு இங்கேயே வந்துவிடுகிறது. திரை கண்ணுக்கு முன்னால் எவ்வளவு அகலத்தை அடைக்கிறது என்பதைக் கோணத்தில் சொல்வார்கள், வீட்டு சினிமாவுக்குக் குறைந்தது 30 டிகிரி, தியேட்டர் உணர்வு வேண்டுமானால் 40 டிகிரி வரை என்பது பரவலாக ஏற்றுக்கொண்ட கணக்கு. உங்கள் சோபாவிலிருந்து 50 அங்குலத் திரை சுமார் 25 டிகிரிதான் வருகிறது, 65 அங்குலம் 32, 75 அங்குலம் ஏறக்குறைய 37. அதிலும் நிறையப் படங்கள் 2.39:1 என்ற அகலத்திரை வடிவத்தில் எடுக்கப்பட்டவை, டிவியில் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும், 50 அங்குல டிவியில் உண்மையான படத்தின் உயரம் 46 செ.மீ. மட்டுமே. 65-இல் 60 செ.மீ. கறுப்பு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் படம் சின்னதாக இருந்தால் அது 'டிவி பார்க்கிற' உணர்வைத்தான் தரும்.

அதே கறுப்புப் பட்டைதான் எல்சிடிக்கும் பரீட்சை. அகலத்திரைப் படம் ஓடும்போது திரையில் கால்வாசி இடம் அந்தப் பட்டைகள்தான், படம் முடியும்வரை அவை கறுப்பாகவே இருக்க வேண்டும், அவை சாம்பலாக மின்னினால் இரண்டு மணி நேரமும் கண்ணை உறுத்தும். இதனால்தான் சாதாரண 65 அங்குல எல்இடியை வேண்டாம் என்கிறேன்.

எல்சிடி பேனலில் முக்கியமாக இரண்டு ரகம், ஐபிஎஸ், விஏ. ஐபிஎஸ் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் ஓரளவு மாறாது, ஆனால் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் சுமார் 1000:1 தான். விஏ பேனலில் அது 3000:1, 5000:1 என்று போகும், பக்கவாட்டில் போனால் மட்டும் வெளுக்கும். வெளிச்சமான ஹாலில் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து விளையாட்டு பார்க்கிறார்கள் என்றால் ஐபிஎஸ். நேர் எதிரே ஒரு சோபா, இருட்டறை என்றால் விஏ தவிர வேறு பேச்சுக்கே இடமில்லை. ஒரே மாடல் வரிசையிலேயே ஓர் அளவில் விஏவும் இன்னொரு அளவில் ஐபிஎஸ்ஸும் போட்டிருப்பார்கள், அதனால் நீங்கள் வாங்கப்போகிற அதே அளவுக்கான விவரத்தைத் தேடிப் பாருங்கள்.

விஏ மட்டும் போதாது. பின்விளக்கு திரை முழுக்கப் பரவி, பல பகுதிகளாகப் பிரிந்து, இருட்டான இடத்தில் மட்டும் மங்குகிற வசதி வேண்டும். இதை ஃபுல் அரே லோக்கல் டிம்மிங் என்பார்கள், மினி எல்இடி என்று விற்பவற்றில் பகுதிகளின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில், உயர்ந்த மாடல்களில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். எல்இடிகளை ஓரத்தில் மட்டும் வைத்துவிட்டு 'டிம்மிங்' என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், ஒரு மெழுகுவர்த்திக் காட்சி வந்தால் திரையில் ஒரு பட்டையே மேலிருந்து கீழாக வெளுக்கும். ஃபுல் அரேயிலும் வெள்ளை எழுத்தைச் சுற்றிக் கொஞ்சம் ஒளிவட்டம் வரும், பகுதிகள் கூடக்கூட அது குறையும்.

இந்த மாதிரி டிவியால் செய்ய முடிகிற, பிளாஸ்மாவால் என்றைக்கும் செய்ய முடியாத காரியம் எச்டிஆர், அதாவது ஆழமான இருட்டையும் கண்ணைப் பறிக்கிற வெளிச்சத்தையும் ஒரே காட்சியில் காட்டுகிற முறை. இப்போது வருகிற நிறையப் படங்களை 1000 நிட்ஸ் (திரையின் பிரகாசத்தை அளக்கிற அலகு) அல்லது அதற்கும் மேலான உச்சப் பிரகாசத்தை மனதில் வைத்துத் தயார் செய்கிறார்கள். பிளாஸ்மாவின் காலத்தில் இலக்கே 100 நிட்ஸ் அளவுதான். திரை முழுக்க வெள்ளையானால் மின்சாரத்தைக் கட்டுப்படுத்த அது தன்னைத்தானே மங்கவும் வைத்துக்கொள்ளும், பனிமலைக் காட்சியில் அந்தச் சோர்வு நன்றாகத் தெரியும். வீட்டு பிளாஸ்மாக்கள் 1080பியோடு நின்றுவிட்டன, 4கே பிளேயரை இணைத்தாலும் அது 1080பியாகக் குறைத்துத்தான் அனுப்பும். ஆனால் 4கேவை மட்டும் காரணமாகச் சொல்லி நான் யாரையும் பிளாஸ்மாவிலிருந்து விரட்ட மாட்டேன். 50 அங்குலத்தில், இரண்டு மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்தால் 1080பி பிக்சலையே சராசரிக் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது, 4கேவின் கூடுதல் நுணுக்கம் அங்கே எடுபடாது. பெரிய திரையில்தான் அதற்கு மரியாதை.

ஓஎல்இடியை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. பிளாஸ்மாவின் உண்மையான வாரிசு எல்சிடி அல்ல, அதுதான். ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிறது, கறுப்பு என்றால் முழுக்க அணைகிறது, எச்டிஆரும் உண்டு. இருட்டறைக்கு 65 அங்குல ஓஎல்இடி வாங்க வசதி இருந்தால் மேலே சொன்ன விஏ, மினி எல்இடி கதையெல்லாம் உங்களுக்குத் தேவையில்லை. வசதி 55 அங்குல ஓஎல்இடியோடு நின்றுவிடும் என்றால், உங்கள் தூரத்துக்கு நான் 65 அல்லது 75 அங்குல மினி எல்இடியையே எடுப்பேன்.

ஷோரூமில் பார்க்கும்போது, அங்கே ஓடுகிற பூ, பழம், கிளி வீடியோக்களால் எதுவும் தெரியாது. கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் பெயர்கள் மேலே நகர்கிற எண்ட் டைட்டில் ஒன்றையும், ஒரு இரவுக் காட்சியையும் பென் டிரைவில் கொண்டு போங்கள். படத்தை சினிமா மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். முடிந்தால் அந்தப் பக்கத்து விளக்குகளை அணைக்கச் சொல்லுங்கள், முடியாதென்றால் இரண்டு கைகளையும் கண்ணுக்குப் பக்கவாட்டில் மறைப்பாக வைத்துக்கொண்டு பாருங்கள். முதலில் நான்கு மூலைகள், ஏதாவது ஒரு மூலை வெளுத்திருக்கிறதா என்று. பிறகு எழுத்தைச் சுற்றி ஒளி பரவுகிறதா, எழுத்து மேலே போகப் போக பின்விளக்கு தட்டுத் தடுமாறி அதன் பின்னாலேயே ஏறுகிறதா என்று. அப்படியே இரண்டடி வலப்பக்கம் நகருங்கள், சோபாவின் ஓரத்தில் உட்காரப்போகிறவருக்கு என்ன தெரியும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் மோஷன் ஸ்மூத்திங் என்கிற சமாச்சாரத்தை அணைத்துவிடுங்கள், அதன் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இல்லாத ஃபிரேம்களைத் தானாக உருவாக்கி நடுவில் செருகி, நல்ல படத்தையும் சீரியல் மாதிரி ஆக்கிவிடுவது அதுதான். 2019-இல் அறிவிக்கப்பட்ட ஃபிலிம்மேக்கர் மோட் உங்கள் டிவியில் இருந்தால் அதை ஒரு தடவை தட்டினாலே போதும். வாங்கும்போதே 120 ஹெர்ட்ஸ் பேனலாக, அதாவது நொடிக்கு 120 தடவை படத்தைப் புதுப்பிக்கிற பேனலாகப் பாருங்கள், சினிமாவின் 24 ஃபிரேம்களை ஒவ்வொன்றும் ஐந்து தடவை என்று சமமாகக் காட்ட முடியும். 60 ஹெர்ட்ஸ் பேனலில் 24-ஐ அடைக்க, ஒரு ஃபிரேம் இரண்டு தடவை, அடுத்தது மூன்று தடவை என்று தாளம் தப்பும், கேமரா மெதுவாகத் திரும்புகிற காட்சிகளில் சின்னத் தடுக்கல் தெரியும். திரைக்குப் பின்னால் சுவரில் படுகிற மாதிரி ஒரு மங்கலான வெள்ளை விளக்கு வைத்தால் கண்ணும் களைக்காது, எல்சிடியின் கறுப்பும் முன்பைவிடக் கறுப்பாகத் தோன்றும். இதற்குச் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமேயில்லை, பலர் செய்வதில்லை, ஏனோ தெரியவில்லை.

பிளாஸ்மாவை அவர் சும்மாவே தருகிறார் என்றால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், வேறொரு சிறிய இருட்டறைக்கோ, இரண்டு மீட்டருக்குள் உட்கார்ந்து பழைய டிவிடிகள் பார்ப்பதற்கோ அது அருமையான டிவி. வாங்கும் முன் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். திரை முழுக்க ஒரே சாம்பல் நிறம், பிறகு ஒரே சிவப்பு என்று ஒரு படத்தைப் போட்டு மூலைகளைப் பாருங்கள். சேனல் லோகோவோ, அடியில் ஓடுகிற செய்திப் பட்டையோ ஆவி மாதிரி தெரிந்தால் அது நிரந்தரக் கறையாக இருக்கலாம். முழு வெள்ளைத் திரையில் காதைக் கொடுத்துக் கேளுங்கள், லேசான ரீங்காரம் எல்லா பிளாஸ்மாவிலும் உண்டு, சோபாவரை கேட்டால் வேண்டாம். மின்சாரம் 200 வாட்டுக்கு மேல் இழுக்கும், சில மாடல்கள் 300-ஐத் தாண்டும், மூடிய சின்ன அறையில் அந்தச் சூடு தெரியும், அலமாரிக்குள் அடைத்து வைக்கக் கூடாது. எடுத்து வரும்போது இரண்டு பேர் பிடித்து, நிமிர்ந்த நிலையிலேயே வண்டியில் ஏற்றுங்கள், படுக்க வைத்தால் அதன் சொந்த எடையே கண்ணாடியை விரிசல் விடச் செய்யலாம்.