சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

கேள்வி: எனக்கு வயது 29. வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். கைக்கு வரும் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொண்டால் என் நிலவரம் இது: சேமிப்பு 800, அது 6 சதவீத வட்டிக்கு வங்கியில் கிடக்கிறது. படிப்புக் கடனில் பாக்கி 240, வட்டி 11 சதவீதம், மாதத் தவணை 12. அந்தத் தவணையையும் சேர்த்து மாதச் செலவு 65. ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கூபே ஒன்றைச் சொந்தமாக ஓட்ட வேண்டும் என்பது பள்ளி நாட்களிலிருந்து இருக்கும் ஆசை. பழைய கார்களில் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2005 மாஸ்டா ஆர்எக்ஸ்-8, விலை 220. மற்றொன்று 2003 டொயோட்டா செலிகா, 140 குதிரைத்திறன் எஞ்சின், விலை 300. இரண்டையுமே உலகம் சரியாக மதிக்கவில்லை என்பது என் எண்ணம். நண்பரோ இதெல்லாம் பைத்தியக்காரத்தனம், 1,500 விலையில் புதிய சிறிய கார் ஒன்றை ஐந்து ஆண்டுக் கடனில் வாங்கு என்கிறார் (முன்பணம் 300, வட்டி 9 சதவீதம்). அலுவலகம் 4 கிலோமீட்டரில் இருக்கிறது. விடுமுறைப் பயணங்களையும் சேர்த்தால் ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓடும். ஆர்எக்ஸ்-8 எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்க நேர்ந்தால் 250 ஆகும் என்று மெக்கானிக் சொன்னார். அதை விற்பவர் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்கிறார். எதை வாங்கலாம்? நாளைக்கு விலை ஏறுமா?

பதில்: முதலில் உங்கள் நண்பரின் கணக்கைப் பார்த்துவிடுவோம். புத்திசாலித்தனம் என்ற பெயரில் வரும் யோசனைகளை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் குறை.

1,200 கடனுக்கு 9 சதவீதத்தில் 60 மாதம் என்றால் தவணை ஏறத்தாழ 25. வட்டியாக மட்டும் 295 போகும். ஐந்து ஆண்டில் புதிய கார் தன் விலையில் பாதியை இழந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது 750. ஆக, பெட்ரோலும் இன்ஷூரன்ஸும் சேராமலே 1,045 கரைந்துவிடுகிறது. உங்கள் பத்து மாதச் சம்பளம். புதிய காரில் பெரிய செலவு பழுது அல்ல, மதிப்பு வீழ்ச்சி. அதற்கு ரசீது வருவதில்லை என்பதால் யாருக்கும் வலிப்பதில்லை.

இருபது ஆண்டுக் கார் விழ வேண்டிய உயரமெல்லாம் விழுந்து முடித்துவிட்டது. செலிகாவை 300க்கு வாங்கி ஐந்து ஆண்டு கழித்து 200க்கு விற்றால் இழப்பு 100. வாங்கியவுடன் டயர், பிரேக், திரவங்கள், ரப்பர் புஷ்கள் என்று முந்தைய உரிமையாளர் தள்ளிப்போட்ட வேலைகளுக்கு 60. பிறகு ஆண்டுக்கு 30 வீதம் பழுதுபார்ப்பு 150. மொத்தம் 310. ஆர்எக்ஸ்-8ஐயும் இதேபோல் பார்ப்போம். மதிப்பு இழப்பு 70, தொடக்க வேலைகள் 60, ஆண்டுக்கு 40 வீதம் பழுது 200. எஞ்சின் உயிரோடு இருந்தால் 330. ஒருமுறை பிரித்துப் புதுப்பிக்க நேர்ந்தால் 580. பழுதுத் தொகைகளை நான் சற்று தாராளமாகவே வைத்திருக்கிறேன். அப்படியும், எஞ்சினே போனாலும்கூட, நண்பர் சொல்லும் காரில் பாதிக்குச் சற்று மேலேதான் செலவு வருகிறது.

எனவே பைத்தியக்காரத்தனம் என்ற குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்கிறேன். ஆனால் இரண்டு கார்களும் ஒன்றல்ல. இரண்டுமே மலிவு, இரண்டுமே மதிக்கப்படாதவை என்கிறீர்கள். மலிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இரண்டும் வெவ்வேறு ஊருக்குப் போகும் பஸ்கள் என்று தெரியும்.

செலிகா மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் வாங்குபவர்களின் மனத்தில் இருக்கிறது. இந்தப் பெயர் 1970இல் தொடங்கியது. 1990க்கும் 1994க்கும் இடையில் உலக ராலி சாம்பியன் பட்டத்தை நான்கு முறை செலிகா ஓட்டியவர்கள் வென்றார்கள். அந்தக் கார்களில் டர்போ இருந்தது, நான்கு சக்கரங்களுக்கும் விசை போனது. 1999இல் வந்த ஏழாம் தலைமுறையில் இரண்டும் இல்லை. முன்சக்கர இயக்கம் மட்டும். ராலி ரசிகர்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள், 2006இல் கதை முடிந்தது. ஆனால் நீங்கள் பார்த்திருக்கும் காரில் இருக்கும் 1.8 லிட்டர் எஞ்சின் கொரோலாவிலும் வந்த அதே குடும்பம். எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த எஞ்சின், டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின், உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. எடை 1,100 கிலோவை ஒட்டி இருப்பதால் 140 குதிரைத்திறனே நன்றாக ஓடும். தெரிந்த குறை ஒன்று உண்டு: ஆரம்பகால எஞ்சின்கள் பிஸ்டன் வளையக் கோளாறால் எண்ணெய் குடிக்கும். பின்னர் பிஸ்டனைத் திருத்தினார்கள். 2003 மாதிரி என்றாலும் எண்ணெய் அளவுக் குச்சியை நீங்களே இழுத்துப் பாருங்கள். விற்பவர் எப்போதோ ஊற்றி வைத்திருக்கலாம், ஆகவே பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். இன்னொன்று, எஞ்சின் பொதுச் சொத்து என்றாலும் பம்பர், முகப்பு விளக்கு, கண்ணாடி எல்லாம் செலிகாவுக்கே உரியவை. இந்தக் காரில் எஞ்சின் உடைவதைவிட முகப்பு உடைவதுதான் தலைவலி.

ஆர்எக்ஸ்-8 மலிவாக இருப்பதன் காரணம் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. நான் அந்தக் காரின் எதிரி அல்ல. 2003இலிருந்து 2012 வரை வந்தது. பிஸ்டனே இல்லாத ரோட்டரி எஞ்சின், கொள்ளளவு 1.3 லிட்டர்தான், ஆனால் சக்திமிக்க வகையில் 231 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை ஏறும். 2003இல் உலகின் சிறந்த எஞ்சின் விருது அதற்குத்தான் கிடைத்தது. ரோட்டரி எஞ்சினோடு 1991இல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற நிறுவனத்தின் கார். பின்பக்கம் கீல் வைத்த இரண்டு குட்டிக் கதவுகள் இருப்பதால் பின்னிருக்கையில் மனிதர்கள் உண்மையாகவே உட்காரலாம். ஓட்டிப் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை. இத்தனையும் 220க்குக் கிடைக்கிறது என்றால் சந்தை முட்டாள் அல்ல. எஞ்சின் செலவை முன்கூட்டியே கழித்துவிட்டுத்தான் விலை சொல்கிறது.

பிஸ்டனுக்குப் பதிலாக எஞ்சினுக்குள் சுழலும் முக்கோணத் துண்டுதான் ரோட்டர். அதன் மூன்று முனைகளிலும் காற்று கசியாமல் தடுக்கும் மெல்லிய ஏபெக்ஸ் சீல்கள் உண்டு. அவை தேயாமல் இருக்க, எரியும் அறைக்குள்ளேயே எண்ணெயைச் செலுத்தும்படி எஞ்சினை வடிவமைத்திருக்கிறார்கள். ஆக, எண்ணெய் குறைவது கோளாறு அல்ல, இயல்பு. கவனிக்காமல் விட்டால்தான் கோளாறு. சீல் தேய்ந்தால் கம்ப்ரஷன், அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் திறன், குறையும், சூடான எஞ்சினை அணைத்து மறுபடி முடுக்கினால் திணறும். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலும் ஸ்பார்க் பிளக்கும் பலவீனமானால் எரியாத பெட்ரோல் வெளியேற்றக் குழாய்க்குப் போய், அங்கே புகையைச் சுத்திகரிக்கும் விலையுயர்ந்த கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் அழிக்கும். இது வதந்தி அல்ல. அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையிலான மாதிரிகளுக்கு எஞ்சின் உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என்று நிறுவனமே நீட்டிக்க வேண்டி வந்தது. உங்கள் 2005 கார் அந்தக் காலத்தைச் சேர்ந்தது, உத்தரவாதமும் முடிந்து பல காலம் ஆகிவிட்டது. 2008இல் வந்த திருத்திய வகையில் எண்ணெய் செலுத்தும் முறையை மேம்படுத்தினார்கள். அவற்றின் விலையும் அதற்கேற்ப அதிகம்.

இதற்கு மேல் உங்கள் 4 கிலோமீட்டர் அலுவலகம் இருக்கிறது. ரோட்டரி எஞ்சினுக்குக் குளிர்ந்த நிலையில் முடுக்கி, சூடேறும் முன்பே அணைப்பது ஆகவே ஆகாது. பிளக்குகள் பெட்ரோலில் நனைந்து கார் கிளம்ப மறுக்கும். நீங்கள் தினமும் இரண்டு முறை அதைத்தான் செய்யப்போகிறீர்கள். பெட்ரோல் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: செலிகா 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 8 லிட்டர் குடித்தால் இது 12 லிட்டர் கேட்கும். 8,000 கிலோமீட்டருக்கு வித்தியாசம் 320 லிட்டர். ஒவ்வோர் ஆண்டும்.

இப்போது உங்கள் பணப்பைக்கு வருவோம். 11 சதவீத வட்டிக்குக் கடனை வைத்துக்கொண்டு 6 சதவீத வட்டிக்குச் சேமிப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிப்பது. முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் இல்லையா என்று கேட்டுவிட்டு, அந்த 240ஐ இந்த வாரமே கட்டி முடியுங்கள். தவணை நின்றதும் மாதச் செலவு 53 ஆகிவிடும். ஆறு மாதச் செலவான 318ஐத் தனிக் கணக்கில் போட்டு, அதைக் கார் விஷயத்தில் மறந்துவிடுங்கள். மீதி 242. மாதா மாதம் 47 மிச்சமாகும்.

செலிகாவுக்குத் தேவை 300 மட்டுமல்ல, தொடக்க வேலைகளையும் சேர்த்து 360. மூன்று மாதம் பொறுத்தால் கையில் 383 இருக்கும், வாங்கிவிடலாம். ஆர்எக்ஸ்-8க்கு 220, தொடக்க வேலைகளுக்கு 60, எஞ்சினுக்கென்று தொடாமல் வைக்க வேண்டிய 250, ஆக 530. அதற்கு ஏழு மாதம் ஆகும். 80 குறைவாக விலை சொல்லும் கார் உங்களிடமிருந்து நான்கு மாதம் கூடுதல் தூரத்தில் நிற்கிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொன்னவர்கள் ரோட்டரி எஞ்சினைப் பார்த்திருக்கவில்லை, ஆனாலும் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

அந்த 250ஐ வைக்காமலே வாங்கினால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. உங்கள் வயதில் நானும் ஒரு இரண்டு கதவுக் கார் வாங்கினேன். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன், தவறு அதனுடையது அல்ல. கையிலிருந்த முழுப் பணத்தையும் விலைக்கே கொடுத்துவிட்டேன். எட்டாவது வாரத்தில் கியர் பெட்டி போயிற்று. அடுத்த நான்கு மாதம் அது துணி போர்த்திக்கொண்டு நின்றது, நான் அதற்கு இன்ஷூரன்ஸ் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். கடைசியில் வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு விற்றேன். வாங்கியவர் கியர் பெட்டியை மாற்றி வெகு காலம் ஓட்டினார். அவரிடம் கியர் பெட்டிக்குப் பணம் இருந்தது. எங்கள் இருவருக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்ஷூரன்ஸை மட்டும் வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். ஸ்போர்ட்ஸ் கார், முப்பதுக்குள் வயது என்றால் பல இடங்களில் பிரீமியம் எகிறும். மேலும், பழைய காரின் சந்தை மதிப்பு குறைவு என்பதால் சிறு விபத்தில்கூடப் பழுதுச் செலவு மதிப்பைத் தாண்டிவிடும். நிறுவனம் ஒரு சிறு தொகையைக் கொடுத்துக் காரைக் கழித்துக்கட்டிவிடும். முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்குப் பாலிசி கிடைக்கிறதா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் முழுக் காப்பீட்டுக்குக் கொடுக்கும் பணம் தகுமா என்று கணக்குப் போடுங்கள்.

விலை ஏறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 1990களின் டொயோட்டா சூப்ராவும் நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆரும் விலை ஏறியதைப் பார்த்துக் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. அவை பிறக்கும்போதே தம் வகையின் உச்சியில் இருந்தவை. மதிக்கப்படாத கார் மதிக்கப்படாமலே இருந்துவிடுவதும் உண்டு. என் கணக்கில் செலிகா 300இலிருந்து 200க்கு இறங்குகிறது. ஏறினால் உங்கள் அதிர்ஷ்டம், திட்டத்தில் அதற்கு இடமில்லை. எதை வாங்கினாலும் முந்தைய உரிமையாளர் கைவைக்காத காராக வாங்குங்கள். தாழ்த்திய ஸ்பிரிங், இரைச்சல் சைலன்சர், பெயர் தெரியாத டர்போ எல்லாம் இன்னொருவருடைய ஆசையின் மிச்சங்கள், அவற்றுக்கு நீங்கள் விலை கொடுக்க வேண்டியதில்லை.

என் ஓட்டு செலிகாவுக்கு, மூன்று மாதம் கழித்து. இந்தக் குறிப்பிட்ட வண்டி அதற்குள் போய்விட்டால் வேறொன்று வரும். இல்லை, மனம் ஆர்எக்ஸ்-8இலேயே நிற்கிறது என்றால் ஏழு மாதம் பொறுத்து வாங்குங்கள், அலுவலகத்துக்கு நடந்தோ சைக்கிளிலோ போங்கள், காரை வாரக்கடைசிக்கு வையுங்கள். அதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விற்பவர் கூப்பிட்டால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ரோட்டரி எஞ்சினுக்கான கருவியில் எடுத்த கம்ப்ரஷன் அளவு இருக்கிறதா? ஒரு ரோட்டருக்கு மூன்று வீதம் இரண்டு ரோட்டருக்கு ஆறு எண்கள் வர வேண்டும். சாதாரண பிஸ்டன் கருவி மூன்றில் உயர்ந்ததை மட்டும் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும், அந்தக் காகிதம் உதவாது. ஆறு எண்ணும் இல்லை, சோதிக்கவும் விட மாட்டேன் என்றால் விற்பவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனை வையுங்கள்.