மூன்று வாரத்தில் வகையீட்டுச் சமன்பாடா?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். உயர்தரத்தில் கணிதப் பிரிவு, பிறகு இங்கேயே ஒரு பட்டம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்று பொறியியல் முதுகலைக்கு இடம் தருகிறது, ஆனால் வகையீட்டுச் சமன்பாடு (ஒன்று மாறும் வேகத்தை வைத்து எழுதும் சமன்பாடு) என்ற பாடத்தைக் கிரெடிட்டோடு முடித்துவிட்டு வரச் சொல்கிறது. ஹட்டனில் ஒரு முகவர், "175,000 ரூபாய் கொடுங்கள், அமெரிக்கப் பல்கலைக்கழக ஒன்லைன் கோர்ஸ், மூன்று வாரத்தில் சான்றிதழ், பரீட்சையை நாங்களே பார்த்துக்கொள்வோம்" என்கிறாராம். முற்பணம் 25,000 ரூபாயும் உயர்தரச் சான்றிதழின் மூலப்பிரதியும் கொடுத்தாகிவிட்டது. தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்த அப்பாவின் சேமலாப நிதியை எடுத்து மீதியைக் கட்டலாமா, விட்டுப்போய் ஐந்து வருடமான கணிதம் எனக்கு ஓடுமா என்று கேட்கிறார்.

அந்தப் பணத்தில் கை வைக்காதீர்கள், மகள். இந்தப் பாடம் பல்கலைக்கழகங்களில் ஒரு முழு அரையாண்டு ஓடுவது, கிட்டத்தட்ட 15 வாரம். மூன்று வாரத்தில் பரீட்சையும் எழுதாமல் யாராவது முடித்துத் தருகிறார் என்றால், ஒன்று அது கிரெடிட் உள்ள பாடமே இல்லை, இல்லாவிட்டால் உங்கள் பெயரில் வேறு யாரோ எழுதப்போகிறார். இரண்டாவது நடந்து பிடிபட்டால் அந்தப் பாடத்தோடு போகாது. கையில் வந்திருக்கும் இடமும் போய்விடும்.

சான்றிதழ் வேறு, கிரெடிட் வேறு. கோர்ஸெரா போன்ற தளங்களில் பாடம் பார்த்து முடித்தால் பெயர் போட்ட சான்றிதழ் வரும். படித்ததற்கு அடையாளம், அவ்வளவுதான். கிரெடிட் என்றால் ஒரு பல்கலைக்கழகம் தன் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே அந்தப் பாடத்தையும் தரத்தையும் எழுதி, அதை ட்ரான்ஸ்கிரிப்டாக, அதாவது உத்தியோகபூர்வப் பெறுபேற்றுப் பதிவாக, நேரே மற்றப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது. உங்களிடம் கேட்டிருப்பது இதை.

முகவர்கள் செய்யும் இன்னொரு வேலை பலருக்குத் தெரியாது. பதிவு செய்யும்போது உங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் தங்களுடைய மின்னஞ்சலைப் போட்டுவிடுவார்கள். கடவுச்சொல் அவர்களிடம், கட்டணச் சீட்டு அவர்களிடம், கடைசியில் ட்ரான்ஸ்கிரிப்ட் கேட்கவும் அவர்களிடமே போய் நிற்கவேண்டும். என்னிடம் ஒரு பையன் பளபளப்பான ஃபைலில் சான்றிதழோடு வந்தான். பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடினால், அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் அது இல்லவே இல்லை. அமெரிக்கக் கல்வித் திணைக்களம் அந்தப் பட்டியலை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, தேட இரண்டு நிமிடம் போதும். அவன் அம்மா நகை அடகு வைத்துக் கட்டியிருந்தார்.

முகவரைத் தேடிப் போகும் பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன். அங்கீகாரம் பற்றி ஒரு மாணவிக்காக இங்குள்ள அலுவலகமொன்றுக்கு நானே எழுதினேன். நான்கு மாதம் கழித்து ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது: இணையத்தளத்தைப் பார்க்கவும். முகவர் தமிழில் பேசுகிறார், உட்காரச் சொல்கிறார், பிளேன்டீ கொடுக்கிறார். தமிழில் ஒரு ஒழுங்கான பதில் சொல்ல அரசுக்கு ஓர் ஆள் கிடைக்காத வரைக்கும் முகவரின் கடை ஓடத்தான் செய்யும்.

சரி, என்ன செய்வது? உங்களுக்கு இடம் தரும் பல்கலைக்கழகத்துக்கு இந்த வாரமே மின்னஞ்சல் போடுங்கள். நீங்கள் படிக்க நினைக்கும் பாடத்தின் இலக்கம், எத்தனை கிரெடிட், பாடத்திட்டம் எல்லாவற்றையும் இணைத்து, "இதை ஏற்பீர்களா, குறைந்தது என்ன தரம் வேண்டும்" என்று கேளுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை எங்கேயும் ஒரு சதம் கட்டாதீர்கள். உண்மையான பாடம் எப்படி இருக்கும் என்று பார்க்க இலினோய் பல்கலைக்கழகத்தின் நெட்மத் திட்டத்தைப் பாருங்கள். ஒன்லைனில்தான், ஆனால் 16 வாரம், பரீட்சைகள் கண்காணிப்பில். கட்டணம் ஆயிரம் டொலருக்கு மேல். முகவர் சொன்ன விலையே பொருந்தவில்லை என்பது அப்போது விளங்கும்.

கண்காணிப்புப் பரீட்சையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான். வழக்கமான முறை, லெப்டொப் கெமரா முன்னால் இரண்டு மூன்று மணித்தியாலம் அசையாமல் உட்கார்ந்து எழுதுவது. லயத்தில் மழை பிடித்தால் சிக்னல் போகும், கரண்டும் போகும், தொடர்பு அறுந்தால் பரீட்சையே இரத்தாகலாம். ஆனால் சில பல்கலைக்கழகங்கள் கெமராவுக்குப் பதில் நேரில் ஒரு கண்காணிப்பாளரை அனுமதிக்கின்றன. அவர் பல்கலைக்கழக ஊழியராகவோ நூலகராகவோ இருக்கவேண்டும், உத்தியோகபூர்வ மின்னஞ்சல் வேண்டும், அவர் பெயரைப் பல்கலைக்கழகம் முன்கூட்டியே ஏற்றிருக்கவேண்டும். வினாத்தாள் நேரே அவருக்குப் போகும். சொந்தக்காரரை, டியூஷன் சேரை ஏற்கமாட்டார்கள். இந்த வசதி உண்டா என்று பதிவு செய்வதற்கு முன்னமே கேளுங்கள், பாடம் தொடங்கிய பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும். இருந்தால் கண்டியிலோ பதுளையிலோ ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளரிடம் கடிதத்தோடு போய்க் கேளுங்கள். பலர் உதவுவார்கள்.

ஒப்படைகளின் கடைசி நேரத்தையும் கவனியுங்கள். நியூயோர்க் நேரம் இரவு 11.59 என்றால் இங்கே மறுநாள் காலை 9.29. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை மாற்றியதும் அது 10.29 ஆகிவிடும்.

கணிதம் ஓடுமா என்பதற்கு உங்கள் அப்பாவின் தொழிற்சாலையிலேயே பதில் இருக்கிறது. கொழுந்தை வாட்டப் பரப்புகிறார்கள். ஈரம் நிறைய இருக்கும்போது வேகமாகப் போகும், குறையக் குறைய மெதுவாகும். போகும் வேகம், போகவேண்டிய ஈரத்தில் மிஞ்சியிருப்பதற்கு விகிதசமம் என்று எழுதிவிட்டால் அதுவே ஒரு வகையீட்டுச் சமன்பாடு. கணக்குக்காக, ஆறு மணித்தியாலத்தில் அந்த ஈரம் பாதியாகிறது என்று வைப்போம். பன்னிரண்டு மணித்தியாலத்தில் அது பூச்சியம் ஆகாது, காற்பங்கு மிஞ்சும். மாறிகளைப் பிரித்துத் தொகையிட்டு, விகித மாறிலி மணிக்கு 0.1155 என்று புத்தகம் பார்க்காமல் எடுக்க முடிகிறதா? அதோடு பகுதிகளாகத் தொகையிடல், பகுதிப் பின்னம், சிக்கலெண் மூன்றிலும் இரண்டிரண்டு கணக்கு செய்து பாருங்கள். முடிந்தால் பாடத்துக்குள் போகலாம். முடியாவிட்டால் இரண்டு மாதம் பழைய உயர்தரப் புத்தகத்தோடு உட்காருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முன்தயாரிப்புக்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் 18.03 என்ற பாடத்தை இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. 2003இல் ஆர்தர் மட்டக் நடத்திய விரிவுரைகள் அதில் கிட்டத்தட்ட முழுதாக இருக்கின்றன. டவுனில் வைஃபை உள்ள இடத்தில் தரவிறக்கி, வீட்டில் டேட்டா இல்லாமல் பார்க்கலாம். கிரெடிட் கிடைக்காது, ஆனால் கட்டணப் பாடம் தொடங்கும்போது பாதி தெரிந்த முகமாக இருக்கும். அந்தப் பாடத்தை எம்.ஐ.டி. சான்றிதழ் என்று விற்பவர்களும் உண்டு, ஏமாறாதீர்கள்.

முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு இருந்தால் அதைக் காட்டிக் கேளுங்கள். திரும்பி வருமோ தெரியாது. ஆனால் உயர்தரச் சான்றிதழின் மூலப்பிரதியை நாளைக்கே போய் வாங்குங்கள், தனியாகப் போகவேண்டாம், அப்பாவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு போங்கள். "மீதியைக் கட்டினால்தான் தருவேன்" என்றால் அங்கே பேச்சுவார்த்தை வேண்டாம். நேரே பொலிஸில் முறைப்பாடு எழுதுங்கள், முறைப்பாட்டின் பிரதியைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.