ஆவிக்குரிய வாழ்க்கையில் வளர்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பத்து வருடமாக ஆராதனைக்குப் போகிறேன், தினமும் வேதம் வாசிக்கிறேன், ஆனாலும் நின்ற இடத்திலேயே நிற்கிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் போதகர் இல்லை. கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்து புறக்கோட்டைக்குப் போய்க் கணக்கு எழுதுகிறவன். அந்தப் புத்தியோ என்னவோ, ஜெபத்துக்கும் ஒரு கொப்பி வைத்திருந்தேன். எத்தனை அதிகாரம், எத்தனை நிமிட ஜெபம், மாதத்தில் எத்தனை உபவாசம் என்று எல்லாம் அதில் இருக்கும். எங்கள் வேதத்தில் 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று நான்கு வாசித்தால் ஒரு வருடத்தில் முடியும். 101 பஸ்ஸில் நின்றபடியே இரண்டு முறை முடித்தேன்.

அப்புறம் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம் உட்பட மூன்று ஆலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 250க்கும் அதிகமானோர் இறந்தார்கள். கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் மாமி கத்தோலிக்கர், செவ்வாய் தவறாமல் அந்தோனியாரிடம் போகிறவர். அன்றைக்குக் காய்ச்சல் என்று பூசைக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறு ஆலயங்களில் பூசை இல்லை. கர்தினால் ஒப்புக்கொடுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தார்.

மே மாதம் நோன்பு தொடங்கியது. மாமியின் பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். ஒவ்வொரு வருடமும் அங்கிருந்து ஒரு சட்டி நோன்புக் கஞ்சி வரும். அந்த வருடம் வரவில்லை. குண்டு வைத்தவர்கள் முஸ்லிம் தீவிரவாதிகள் என்பதால் பயந்து, அவர்கள் கதவைத் திறப்பதே குறைந்திருந்தது. மூன்றாம் நாள் மாமி வெறும் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டி, "எங்கட கஞ்சி எங்க?" என்று கேட்டிருக்கிறார். அந்த வீட்டு அம்மா வாசலிலேயே அழுதுவிட்டாராம்.

அதே நாட்களில் நான் நாட்டுக்காக உபவாசம் இருந்தேன். கொப்பியில் அதற்கும் ஒரு கோடு. கூடவே, வழக்கமாகச் சாமான் வாங்கும் முஸ்லிம் அண்ணனின் கடையை, நாங்கள் சொல்லும் நானா கடையை, தாண்டி அடுத்த சந்திக் கடைக்கு நடந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, கால் தானாகப் போனது. இரண்டு மாதம் அப்படியே. மாமி போன்றவர்களை எங்கள் சபையில் 'பெயர்க் கிறிஸ்தவர்கள்' என்று சொல்வதுண்டு. நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

கலாத்தியர் 5இல் பவுல் சொல்லும் ஆவியின் கனியைப் பாருங்கள். அன்பு, சமாதானம், நீடிய பொறுமை, தயவு, சாந்தம்... இவற்றில் எதை அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு சோதித்துப் பார்க்க முடியும்? பொறுமை இருக்கிறதா என்று தெரிய, எரிச்சலூட்ட ஓர் ஆள் வேண்டும். அதற்குச் சற்று மேலே மாம்சத்தின் கிரியைகள் என்ற பட்டியலில் பகை, விரோதம், கோபம், சண்டை, பிரிவினை எல்லாம் வரிசையாக நிற்கின்றன. நாங்கள் விபசாரத்தையும் குடிவெறியையும் மட்டும் பிரசங்கித்துவிட்டு இறங்கிவிடுகிறோம்.

வேதவாசிப்பை விடச் சொல்லவில்லை. நான் விட்டது கொப்பியைத்தான். இப்போது ஒரு சிறு பகுதியை வாரம் முழுக்க வைத்துக்கொள்கிறேன். 'நின்ற இடத்திலேயே' என்று தோன்றுவதை வைத்து முடிவுகட்டாதீர்கள். மாற்கு 4இல் விதைத்தவன் தூங்கி எழும்புகிறான், பயிர் அவனுக்குத் தெரியாமலே வளர்கிறது. தினமும் கிண்டிப் பார்த்தால் வேர்தான் அறும். பார்க்கத்தான் வேண்டுமென்றால் கூட இருப்பவரைக் கேளுங்கள். நான் மனைவியிடம் கேட்டேன். "கோவம் குறையேல்லை. ஆனா முந்தி மாதிரி நாலு நாள் கதைக்காம இருக்கிறதில்லை" என்றார். சரி, அவ்வளவாவது.

நானா கடைக்குத் திரும்பப் போன அன்று அவர் ஒன்றுமே நடக்காதது போல, "ஊருக்குப் போயிருந்தீங்களா தம்பி?" என்று கேட்டார். ஓம் என்றேன். இன்றைக்கும் அங்கேதான் சாமான் வாங்குகிறேன். அது பொய் என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை.