ஒரு கோடு வந்தால் போதுமா?

குளூட்டன் இல்லாத அடுக்களை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 34, லெஸ்டரில் இருக்கிறேன். சீலியாக் (கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) என்று உறுதியாகி இரண்டு வருடம் ஆகிறது. சப்பாத்தி, பரோட்டா, பிரெட் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். விட முடியாதது வெள்ளிக்கிழமை பப்தான். நண்பர்கள் குடிக்க, நான் சோடாவோடு உட்கார்ந்திருக்கிறேன். போன மாதம் ஒரு குளூட்டன் டெஸ்ட் கிட் வாங்கி, முன்பு குடித்துக்கொண்டிருந்த சாதாரண லாகர் பியரைச் சோதித்தேன். மூன்று முறையும் ஒரே கோடுதான் வந்தது, அதாவது குளூட்டன் 20 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 20 பங்குக்கு) கீழே. குடித்தும் பார்த்தேன், வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. இனி அதையே குடிக்கலாம்தானே?

பதில்: வேண்டாம் தம்பி. இதை உங்கள்மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் செய்ததையே நானும் செய்திருக்கிறேன்.

எனக்குச் சீலியாக் தெரியவந்தது 2013ல். அப்போது ஓர் உணவுத் தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில் வேலை. வெட்டும் மேசை, கன்வேயர் எல்லாவற்றையும் துடைத்து, மாவு ஒட்டியிருக்கிறதா என்று இதே மாதிரிக் கிட்டில்தான் பார்ப்போம். அந்த வேலைக்கு அது நம்பகமானது. அந்த நம்பிக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கவன்ட்ரியில் எங்கள் வீட்டு அடுக்களையிலேயே சோதனையை ஆரம்பித்தேன். மூன்று பியர்: ஒரு லாகர், ஒரு ஸ்டவுட், ஒரு ஜெர்மன் கோதுமை பியர். நுரை இருந்தால் அளவு சரியாக வராது. அதனால் இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி டீ ஆற்றுவது போல ஆற்றி, கேஸ் போனதும் கிட்டின் பட்டையில் சொட்டு விட்டேன். லாகருக்கு ஒரே கோடு. ஸ்டவுட்டுக்கும் ஒரே கோடு. கோதுமை பியருக்குக் குளூட்டன் இருப்பதைக் காட்டும் இரண்டாவது கோடு வந்தது, ஆனால் கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரிகிற வெளிர் ரோஸ்.

பாதிக்கு மேல் கோதுமை மால்ட் போட்டுக் காய்ச்சிய பியரில் இவ்வளவு கொஞ்சமாகவா இருக்கும்? சந்தேகம் வந்து, அதே பியரில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து மறுபடி சோதித்தேன். இப்போது கோடு பளிச்சென்று வந்தது. தண்ணீர் ஊற்றினால் குளூட்டன் கூடுமா? கூடாது. குளூட்டன் அளவுக்கு மீறி இருந்தால் பட்டையில் உள்ள ஆன்டிபாடிகள் திணறிப்போய்க் கோடு மங்கிவிடும். அன்றைக்கே நான் அந்தப் பட்டைகளைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். ஆனால் கோதுமை பியரை மட்டும் ஒதுக்கிவிட்டு, லாகர் சரிதான் என்று முடிவுகட்டினேன்.

லாகரில் நடப்பது வேறு. ஒரு முழம் மல்லிகைச் சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரிக் கிட்கள் பெரும்பாலும் சரத்தை இரண்டு இடத்தில் பிடித்தால்தான் கோடு காட்டும். பார்லியை முளைகட்டி, வேகவைத்து, நொதிக்கவிடும்போது அதன் புரதம் துண்டு துண்டாகிவிடுகிறது. சரத்தை விரற்கடை நீளத்துக்கு நறுக்கினால் இரண்டாவது பிடிக்கு இடமிருக்காது, கோடு வராது. ஆனால் பூவெல்லாம் கூடையில்தான் கிடக்கிறது. நம் குடலுக்குத் தொந்தரவு தர அந்தச் சின்னத் துண்டே போதும். நீங்கள் மூன்று முறை செய்து மூன்று முறையும் ஒரே முடிவு வந்ததும் இதனால்தான்.

ஆய்வகங்களில் இதற்கென்றே ஒரே பிடியில் அளக்கும் ‘காம்பெடிட்டிவ் எலிசா’ என்ற முறை இருக்கிறது. அதுகூடக் கடைசி வார்த்தை இல்லை. ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் விஞ்ஞானிகள் 60 பியர்களை, மூலக்கூறுகளின் எடையை வைத்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் அளந்து 2013ல் வெளியிட்டார்கள். குளூட்டன் குறைவு என்று விற்ற சில பார்லி பியர்களில் சாதாரண பியர் அளவுக்கே ஹோர்டீன், அதாவது பார்லியின் குளூட்டன், இருந்தது.

வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்களே, என்னைப் பயமுறுத்துவது அதுதான். எனக்கும் எட்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. வருடாந்திர ரத்தப் பரிசோதனையில், இயல்புக்கு வந்திருந்த டிடிஜி (சீலியாக் இருப்பவர் குளூட்டன் சாப்பிட்டால் ரத்தத்தில் கூடுகிற ஆன்டிபாடி) அளவு மறுபடி ஏறியிருந்தது. டயட்டீஷியன் பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார்: சோயா சாஸ், டோஸ்டர், மாத்திரைகள். பியர் என்று நான் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். லாகரை விட்ட பிறகு ஒரு வருடம் கழித்துத்தான் எண் இறங்கியது. வலி இல்லாமலேயே குடல் உறிஞ்சிகள் தேய்ந்துகொண்டிருக்கலாம். தம்பி, அடுத்த ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் இப்போதே டாக்டரிடம் இந்த லாகர் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

அளவுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 20 பிபிஎம் என்றால் லிட்டருக்குச் சுமார் 20 மில்லிகிராம். ஒரு பைன்ட் 568 மில்லி, அதில் 11 மில்லிகிராம் வரும். மூன்று பைன்ட் என்றால் 34. தினமும் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்தபோது குடல் சுவர் பாதிக்கப்பட்டதை 2007ல் வெளியான இத்தாலிய ஆய்வு காட்டியது. நீங்கள் தினமும் குடிக்கிறவரில்லை, சரி. ஆனால் உங்கள் லாகரில் 20தான் இருக்கிறது என்பதற்கே ஆதாரம் இல்லையே.

அப்புறம் என்னதான் குடிப்பது? பிரிட்டனில் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று போட்ட பியர் கிடைக்கிறது, ஆனால் அதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று சோளம், சிறுதானியம், அரிசி, பக்வீட் வைத்துக் காய்ச்சியது. இன்னொன்று பார்லியிலேயே காய்ச்சி, ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையின் நொதியைச் சேர்த்துக் குளூட்டனை வெட்டியது. குளிரவைத்தால் பியர் கலங்கலாகாமல் இருக்க வந்த நொதி அது. இந்த இரண்டாவது வகைக்கும் 20 பிபிஎம்முக்குள் இருந்தால் இங்கே அந்த லேபிள் உண்டு, பார்லி என்றும் அதில் எழுதியிருக்கும். அமெரிக்காவில் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020ல் கொண்டுவந்த விதிப்படி, நொதித்த உணவு என்றால் நொதிக்கும் முன்பே மூலப்பொருளில் குளூட்டன் இல்லை என்று காட்ட வேண்டும். எனக்கு அந்த நியாயம்தான் பிடித்திருக்கிறது. நான் வாங்குவது சோள பியர் மட்டும். முதல் மடக்கில் லேசாகப் புளிக்கும், இரண்டாவது வாரம் பழகிவிடும். பப்பில் அது இல்லையென்றால் சைடர் கேளுங்கள். பாட்டிலாக வாங்கி, கழுவிய புது கிளாஸில் ஊற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: விஸ்கியும் பார்லிதானே? அதுவும் கூடாதா? (வாசகி, டொரான்டோ)

பதில்: தாராளமாகக் குடிக்கலாம். காய்ச்சி வடிக்கும்போது ஆல்கஹால்தான் ஆவியாகி மேலே போகிறது, புரதம் அடியிலேயே தங்கிவிடும். வடித்த பிறகு சேர்க்கிற சுவைகளை மட்டும் லேபிளில் பாருங்கள்.

கேள்வி: பியர் பக்கமே போகாத எனக்கு டிடிஜி இறங்க மாட்டேன் என்கிறது. சோறு, சாம்பார், இட்லிதான் சாப்பிடுகிறேன். (வாசகி, மதுரை)

பதில்: பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு மைதாவோ கோதுமை மாவோ கலந்திருப்பது வழக்கம். அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். ரவா இட்லியும் அந்த ‘இட்லி’க் கணக்கில் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள், ரவை கோதுமைதான்.