காக்லியர் இம்ப்ளான்ட் செலவு: மெடிஷீல்ட் எதைக் கட்டும், எதைக் கட்டாது?

என் மகளுக்கு இரண்டு வயதில் காக்லியர் இம்ப்ளான்ட், அதாவது காது கேட்க உள்ளே வைக்கும் கருவி, வைத்தோம். அன்று முதல் பில்லும் ஃபார்முமாகவே பிழைப்பு. நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உட்லண்ட்ஸ் அம்மா: குழந்தைக்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லை. பிறவிக் குறை என்று மெடிஷீல்ட் லைஃப் (சிங்கப்பூர் அரசின் அடிப்படை மருத்துவக் காப்புறுதி) கைவிரித்துவிடுமா?

விரிக்காதும்மா. அதற்கு முன்பிருந்த மெடிஷீல்டிலேயே 2013 மார்ச் முதல் பிறவிக் குறைகளும் சேர்த்தி, இப்போதும் அப்படித்தான். சிங்கப்பூரர், நிரந்தரவாசி எல்லாருக்கும் உண்டு. ஆனால் மொத்தத்தையும் கட்டிவிடும் என்று நினைக்காதீர்கள். அறுவை சிகிச்சைக்கு ஒரு வரம்பு, உள்ளே வைக்கும் கருவிக்குத் தனி வரம்பு. கருவி விலை பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும். அது போக, டிடக்டிபிள் எனும் முதல் தொகை உங்களுடையது. அதற்கு மேலும் 3 முதல் 10 விழுக்காடு உங்கள் பங்கு. இவற்றுக்கு மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்கலாம். பிள்ளை சிங்கப்பூரர் என்றால் பிறந்தபோது அரசு போட்ட 4,000 வெள்ளி அதன் மெடிசேவ் கணக்கில் இருக்கும், பாருங்கள்.

மெடிஷீல்டுக்கு மேல் எடுக்கும் தனியார் ஷீல்ட் திட்டம் இருந்தால், பிறவிக் குறைக்குக் காத்திருப்புக் காலம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். "எல்லாம் கவர் ஆகும்" என்ற ஏஜென்ட் பேச்சை நம்பித்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

ஈசூன் அப்பா: மகன் வெளியே மாட்டும் புரொசசரைத் தொலைத்துவிட்டான். கிளெய்ம் பண்ணலாமா?

மெடிஷீல்டில் முடியாது. முதலில் வாரண்டி தாளை எடுங்கள். தொலைந்தால் ஒரு முறை மாற்றித் தரும் வசதி சிலவற்றில் உண்டு. இல்லாவிட்டால் உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பின் உதவித் தொழில்நுட்ப நிதிக்கு மனுப் போடுங்கள். வருமானத்தைப் பொறுத்து 90 விழுக்காடு வரை கிடைக்கும், ஆயுள் முழுக்கச் சேர்த்து 40,000 வெள்ளி உச்சம். மருத்துவமனைச் சமூக சேவகரிடம் போனால் மனுவை அவரே பார்த்துக்கொள்வார். பேச்சுப் பயிற்சிக்கும் மெடிஷீல்ட் வராது, அதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

அங் மோ கியோ: அப்பாவுக்கு 72 வயது. செவிக்கருவிக்கு மெடிசேவ் எடுக்கலாமா?

முடியாது. அது இம்ப்ளான்ட் இல்லையே. 60 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு முதியோர் நடமாட்ட உதவி நிதி இருக்கிறது. அதிலும் 90 விழுக்காடு வரை உண்டு.

எஸ் பாஸ் (வெளிநாட்டு ஊழியருக்கான வேலை அனுமதி) தம்பி: எனக்கு என்ன வழி, அண்ணா?

மெடிஷீல்ட் உனக்கில்லை. முதலாளி எடுக்கும் காப்புறுதி 2023 ஜூலை முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. தொகையைப் பார்த்து மயங்காதே, எதற்கெல்லாம் கிடையாது என்ற பக்கத்தை எச்ஆரிடம் வாங்கிப் படி.