நகரமே இறங்குகிறது என்கிறார்கள், என் வீடு என்ன ஆகும்?

"அடுக்குமாடியின் முதல் படிக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விழுந்திருக்கிறது, ஜன்னல் ஓரத்தில் விரிசல் வேறு. வீடு விழுந்துவிடுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இரண்டையும் முதலில் பிரித்துப் பாருங்கள். படி மேலே எழும்பவில்லை, சுற்றியுள்ள மண்தான் இறங்கியிருக்கிறது. ஆழத்தில் கெட்டியான அடுக்கு வரை போன பைல் அஸ்திவாரம் (மண்ணுக்குள் இறக்கிய தூண்கள்) என்றால் கட்டடம் நின்ற இடத்தில் நிற்கும், மேல்மண் மட்டும் கீழே போகும். மெக்சிகோ சிட்டியில் 1910-இல் திறந்த சுதந்திரத் தூணுக்கு இப்படித்தான் பிற்பாடு 14 படிகளைச் சேர்த்துக் கட்ட வேண்டிவந்தது. பழைய போர்வெல்லின் கேசிங் பைப் தரைக்கு மேலே நீண்டுகொண்டே வந்தாலும் இதே கதைதான்.

மண் ஏன் இறங்குகிறது? ஊறுவதைவிட வேகமாக நிலத்தடி நீரை உறிஞ்சும்போது, களிமண்ணுக்குள் இருந்து பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கிய நீர் வெளியேறிவிடுகிறது, அந்தச் சுமையும் மண்துகள்கள் மேல் விழுந்து அடுக்கு நசுங்குகிறது. பிறகு தண்ணீர் ஏறினாலும் அது பழையபடி உப்பாது. டோக்கியோவின் கோடோ வட்டாரத்தில் சில இடங்கள் 4 மீட்டருக்கு மேல் இறங்கின. நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்திய பிறகு இறக்கம் ஏறக்குறைய நின்றது, ஆனால் இறங்கியது இறங்கியதுதான், இன்றும் அங்கே வெள்ளத்தடுப்புச் சுவரும் பம்பும்தான் காவல்.

சரி, விரிசலுக்கு வருவோம். கட்டடம் முழுக்க ஒரே சீராக இறங்கினால் சுவருக்குத் தெரியவே தெரியாது, ஒரு மூலை மட்டும் கூடுதலாக இறங்கினால்தான் வம்பு. மயிரிழை போன்ற பூச்சு விரிசலை விட்டுவிடுங்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, ஒரு முனையில் அகன்றிருந்தால் இருபுறமும் பென்சிலால் புள்ளி வைத்து, இடைவெளியை அளந்து, தேதியோடு சுவரிலேயே எழுதுங்கள், மாதம் ஒருமுறை மறுபடி அளங்கள். தயவுசெய்து பட்டி பார்த்து மறைக்காதீர்கள் (எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான்). அகலம் கூடிக்கொண்டே போனாலோ கதவு பிடித்தாலோ ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

எனக்குச் சுவரைவிடக் குழாய்கள் மேல்தான் கவலை. கட்டடம் நிற்கிறது, மண் இறங்குகிறது, நடுவில் மாட்டிக்கொள்வது சுவரைத் தாண்டி வெளியே போகிற குழாய். இணைப்பு விட்டுப்போகும், சாக்கடைக் குழாயின் வாட்டம் கெட்டுக் கழிவுநீர் எதிர்த்துவரும், கசிவு மண்ணை அரித்து உள்ளே பொந்து விழும். கேஸ் லைன் இருந்தால் அதை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள், அப்புறம் தண்ணீர், சாக்கடை. தேவையான இடத்தில் வளைந்துகொடுக்கும் இணைப்பு போடலாம். படிக்குக் கீழே கான்கிரீட் கொட்டி அடைத்துவிடலாம் என்று கொத்தனார் சொல்வார், குழாயைப் பார்க்காமல் அடைக்க விடாதீர்கள்.